அத்தானின் ஒருசந்தி

சென்ற மாதம் தேஹு ரோடு கல்லறையில் சவரிமுத்து அத்தானை அடக்கம் செய்தோம். அடக்கப் பூசையில் பாதிரியார் அவர் அணைத்த நெருப்புகளைப் பற்றிப் பேசினார். அவர் வேலை பார்த்த ராணுவக் கிடங்கிலிருந்து வந்திருந்தவர்கள் அவர் தீயணைப்பு வண்டி ஓட்டியதைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவரை நினைக்கும்போது என் கண்முன் வருவது 1999ஆம் வருடத்துத் தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளில் அவர் ஒரு துண்டு ஆட்டுக்கறி தொடவில்லை, ஒரு சொட்டு ரம் குடிக்கவில்லை, பெரிய வியாழக்கிழமை வரைக்கும் சொன்ன சொல் தவறவில்லை. அதனாலேயே எல்லாவற்றையும் இழக்கப் பார்த்தார்.

அவர் என் அக்கா ஜோசபினின் கணவர். தூத்துக்குடிக்காரர். இருபத்திரண்டு வயதில் புனேவுக்கு வந்து, தேஹு ரோடு பக்கம் ராணுவக் கிடங்கு ஒன்றின் தீயணைப்புப் பிரிவில் சேர்ந்தார். அங்கேயே ஓட்டுநரானார். வண்டி ஓட்டுகிறவரானாலும் மற்றவர்களைப் போல அவரும் ஏணி ஏற வேண்டும், ஆளைத் தோளில் போட்டு இறக்க வேண்டும். கிடங்கின் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு. அக்காவும் இரண்டு பெண்களும் இருந்த அந்த வீட்டில், புனே நகரின் கேம்ப் பகுதியில் பள்ளிக்கூட வேலை கிடைத்த நாளிலிருந்து நானும் இருந்தேன். தினமும் லோக்கல் ரயிலில் போய் வருவேன். அத்தான் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சரம்மா என்பார். கேலியும் மரியாதையும் அதில் பாதிப் பாதி.

அவருடைய வலது கால் பெருவிரல் முதன்முதலில் வீங்கியது 1997 கிறிஸ்துமஸுக்கு மறுநாள். முந்தின நாள் ஈரல் வறுவல், மட்டன் குழம்பு, நண்பர்களோடு ரம். காலையில் விரலின் அடி மூட்டு தக்காளிப் பழம்போலச் சிவந்து பளபளத்தது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்கப் போன அக்காவின் கையைத் தட்டிவிட்டார். போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றார். ஒரு வாரத்தில் தானாகச் சரியானது. அடுத்த வருடம் மூன்று தடவை வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது தீயணைப்புப் பிரிவின் வருடாந்தர உடற்தகுதிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அவரால் ஏணியில் கால் வைக்க முடியவில்லை.

பிரிவின் தலைவர் ஜாதவ் கெட்ட மனிதர் அல்ல. சோதனையை ஒத்திவைத்தார். "முத்து, ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை உனக்குத் தனியாக வைக்கிறேன். அன்றைக்கும் முடியவில்லை என்றால் நான் மெடிக்கல் போர்டுக்கு எழுதித்தான் ஆக வேண்டும்" என்றார். போர்டு தகுதியில்லை என்று சொல்லிவிட்டால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். அத்தானுக்கு வயது ஐம்பது. நெருப்பை அணைப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது.

பிப்ரவரியில் நானும் அக்காவும் அவரைக் கேம்ப்பில் இருந்த டாக்டர் சஹஸ்ரபுத்தேயிடம் கூட்டிக்கொண்டு போனோம். வயதானவர், நிதானமானவர். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு இந்தியில் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்று ஒன்று இருக்கிறது. சில வகைச் சாப்பாட்டிலிருந்தும் உடம்பே கழிக்கும் பொருள்களிலிருந்தும் அது உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். மிஞ்சிப் போனால் ஊசி ஊசியாகப் படிந்து மூட்டில் தைக்கும். பெரும்பாலும் கால் பெருவிரலில்தான் ஆரம்பிக்கும். மட்டன், ஈரல், சாராயம் மூன்றும் இனிமேல் வேண்டாம் என்றார்.

அத்தானின் முகம் தெளிந்தது. "சாப், இன்னும் ரெண்டு நாளில் எங்கள் தவக்காலம். நாற்பது நாள் கறி கிடையாது. ஒரு வேளைதான் சாப்பாடு" என்றார்.

டாக்டர் சந்தோஷப்பட்டுவிட்டார். "ரொம்ப நல்லது. உங்கள் மதமே வைத்தியம் பார்க்கிறது. அதையே ஒழுங்காகச் செய்யுங்கள். அது முடிந்து வாருங்கள், மாத்திரை பற்றி யோசிப்போம்."

டாக்டர் விரதம் என்றால் ஏகாதசியை நினைத்தார். ஜவ்வரிசிக் கிச்சடி, வாழைப்பழம், பால். அத்தான் நினைத்தது வேறு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

தவக்காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒரு வேளை மட்டும் சாப்பிடுவதை ஒருசந்தி என்போம், கறியும் முட்டையும் கூடாத நாளைச் சுத்தபோசனம் என்போம். மீன் அந்த விலக்கில் வராது. கடற்கரைக்காரர்களுக்கு மீனையும் விலக்கினால் தட்டில் என்ன இருக்கும்? புனேவில் எங்கள் மீன் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. அதனால் ஒவ்வொரு வருடமும் தவக்காலத்துக்கு முன்னால் எங்கள் அண்ணன் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு ஓலைப்பெட்டி கொடுத்து அனுப்புவார். நெத்திலிக் கருவாடு, சாளைக் கருவாடு. அது எங்கள் வீட்டில் தவத்தின் வாசனை. கறிக்குப் பதிலாகச் சாப்பிடும் ஏழைச் சாப்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அந்த வருடம் பக்கத்து வீட்டு ஜம்புநாதன் சாரும் வைத்தியம் சொன்னார். கிடங்கில் கணக்குப் பிரிவில் இருந்தார், தஞ்சாவூர்க்காரர். அத்தானும் அவரும் பேசினால் கேட்கிறவர்களுக்குச் சண்டை என்றுதான் தோன்றும்.

"ஓய் சவரி, மட்டனை விட்டுட்டா மட்டும் போறுமா? பருப்பு அதைவிடக் கெடுதல். என் மாமாவுக்கு இதே யூரிக் ஆசிட். பருப்பை நிறுத்தினார், குதிரை மாதிரி நடந்தார்."

"உங்க மாமா மட்டன் தின்னாரா சார்?"

"சிவ சிவா!"

"அப்ப அவருக்கு ஏன் வந்துச்சு?"

"அதான் சொல்றேனே, பருப்பு! காதுல விழலையா உமக்கு?"

அத்தான் சிரித்தார். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அக்காவிடம், "ஜோசு, பருப்பும் வேண்டாம் இனி" என்றார். பால், மோர் தொடாமல் வெறும் டீ என்பது அவர் ஏற்கெனவே புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டது. ஆகப் பருப்பு போனது, பால் போனது, மோர் போனது. சோறு மிஞ்சியது. சோற்றுக்கு மேல் ஊற்ற ஒன்று வேண்டுமே. வாரத்தில் மூன்று நாள் வைக்கிற கருவாட்டுக் குழம்பு தினப்படி ஆனது. குழம்பு இல்லாத நாளில் வறுவல், வறுவல் இல்லாத நாளில் தொக்கு.

ஜம்புநாதன் சார் வேலி ஓரம் நின்று கேட்டார். "என்ன ஓய், இன்னிக்கு உம்ம ஆத்துல தவம் ரொம்ப உக்ரமோ? எங்காத்து ஜன்னலையெல்லாம் சாத்தியாச்சு."

"மூக்கையும் சாத்திக்கிடுங்க சார். ஈஸ்டர் வர இப்பிடித்தான்."

முதல் இரண்டு வாரம் கால் அமைதியாக இருந்தது. அத்தான் விடியற்காலையில் மைதானத்தில் ஓடினார். நடக்கும்போது சில நாள் விசில் அடித்தார். மூன்றாவது வாரம் விசில் நின்றது.

அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். அவர் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"என்னங்க, வலது பூட்ஸுக்கு லேஸ் கட்டலியா?"

"கட்டிருக்கேன்."

"எங்க கட்டிருக்கிய? பூட்ஸு நாக்கத் தொங்க விட்டுட்டுப் போறிய."

"வெயிலு, ஜோசு. கால் வேர்க்கு."

அவள் குனிந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். அந்த இழுப்பிலேயே கால் வீங்கியிருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் நேராக ஜாதவிடம் போகும், அங்கிருந்து போர்டுக்குப் போகும். அதனால் அவர் வீங்கிய காலைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு போனார்.

மார்ச் மூன்றாவது வாரத்தில் கிடங்கு வேலிக்கு வெளியே புல் பற்றியது. வெயில் காலத்தில் அங்கே அடிக்கடி நடப்பதுதான், ஆனால் காற்று கிடங்குப் பக்கம் வீசினால் விளையாட்டு இல்லை. அத்தான் வண்டியை எடுத்தார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த தாவ்டே என்ற இளைஞன், அவரைச் சித்தப்பா என்ற அர்த்தத்தில் காகா என்று கூப்பிடுகிறவன், பிறகு எங்களிடம் சொன்னான். ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. அத்தான் பிரேக்கை விரலால் மிதிக்க முடியாமல் காலைத் திருப்பிக் குதிகாலை வைத்தார். குதிகால் வழுக்கியது. மறுபடி வைத்தார். வண்டி கேட்டின் இரும்புக் கம்பிக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. அந்தப் பக்கம் ரயில் கடந்துபோயிற்று. தாவ்டே அவர் முகத்தைப் பார்த்தான். வேர்வை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"காகா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஜாதவ் சாப்கிட்ட எதுவும் சொல்லாதே."

தாவ்டே சொல்லவில்லை. ஆனால் பின்னால் ஜீப்பில் வந்த ஜாதவ் தன் கண்ணால் பார்த்திருந்தார். புல் நெருப்பு அணைந்த பிறகு வண்டியைச் சுற்றி நடந்து, ரோட்டில் கிடந்த டயர்த் தடத்தைப் பார்த்தார். "முத்து, செவ்வாய்க்கிழமை ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அத்தான் வீட்டுக்கு வந்து நேராகச் சவேரியார் படத்துக்கு முன்னால் போய் நின்றார். தன்னுடைய தவத்தில் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் பலிக்கவில்லை என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அதுவரை பகலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து சாயங்காலம் அந்த ஒருவேளைச் சாப்பாடு வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்றார்.

"இந்த வேக்காட்டுலயா?" என்றாள் அக்கா.

"வேக்காட்டுலதாண்டி தவம். ஏசி ரூம்புல இருந்தா அது தவமா?"

"நெருப்புல நின்னுட்டு வாற மனுசன் தண்ணி குடிக்காம இருந்தா என்ன ஆவும்?"

"ஆண்டவரு நாப்பது நாளு வனாந்தரத்துல இருக்கலியா?"

"அவருக்கு ஏணி ஏற வேண்டிய சோலி இல்லியே."

அக்கா சொல்வது சரி என்று தெரிந்தால் அவர் பேச மாட்டார். ஆனால் கேட்கவும் மாட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலுக்கு நடந்து போனார். திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்க முடியவில்லை. பெருவிரல் மட்டுமல்ல, பாதத்தின் மேல்பக்கம், கணுக்கால் எல்லாம் வீங்கி, தோல் இறுகி, மினுமினுத்தது. மின்விசிறிக் காற்று படுகிறது, நிறுத்து என்றார். சின்னப் பெண் அறைக்குள் ஓடி வந்தபோது தரை அதிர்ந்ததற்குப் பல்லைக் கடித்தார். முந்தின நாள் கோயிலில் பார்த்த மனிதரா என்று இருந்தது. சோதனைக்கு எட்டு நாள்தான் இருந்தது.

ஜம்புநாதன் சார்தான் தன் ஸ்கூட்டரில் அவரைத் தேஹு ரோடு ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து லோக்கல் ரயிலிலும் ஆட்டோவிலுமாகக் கேம்ப் போனோம். டாக்டர் சஹஸ்ரபுத்தே காலைப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் மறுபடி போனோம், தாளைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. யூரிக் ஆசிட் பிப்ரவரியில் இருந்ததைவிட ரொம்ப ஏறியிருந்தது.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் உங்களைத் திட்டப் போவதில்லை. ஆனால் எனக்கு உண்மை வேண்டும். எவ்வளவு குடித்தீர்கள்?"

"குடிக்கவில்லை."

"மட்டன்?"

"இல்லை."

"சவரிமுத்து, இந்தத் தாள் பொய் சொல்லாது."

அத்தான் எழுந்திருக்கப் பார்த்தார். கால் விடவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருடம் நெருப்புக்கு முன்னால் நின்றவர், கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். அவளுடைய இந்தி அரைகுறை. கோபம் வந்தால் இன்னும் அரைகுறை. ஆனால் அன்று ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

"டாக்டர் சாப், இவர் பொய் சொல்ல மாட்டார். நான்தான் சமைக்கிறேன், எனக்குத் தெரியாதா? கறி இல்லை. பருப்பு இல்லை. பால் இல்லை. மோர் இல்லை. முட்டை இல்லை. பகல் பூராத் தண்ணீர்கூட இல்லை. சாயங்காலம் ஒரு தட்டுச் சோறு, அவ்வளவுதான். இதைவிட என்னத்தைக் குறைக்கச் சொல்கிறீர்கள்? சோற்றையும் நிறுத்தட்டுமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வெறும் சோறா?"

"வெறும் சோறு எப்படி இறங்கும்? உலர்ந்த மீன் போட்டுக் குழம்பு."

"எந்த மீன்?"

அக்காவுக்கு இந்தியில் பெயர் தெரியவில்லை. விரலைக் காட்டினாள், இவ்வளவு நீளம், வெள்ளியாக, தலையோடு சாப்பிடுவது. பிறகு உள்ளங்கையைக் காட்டினாள், இந்த அளவு, கொழுப்பாக இருக்கும். நான் ஆங்கிலத்தில் பெயரைச் சொன்னேன்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"தினமும்" என்றாள் அக்கா. "தவக்காலம் அல்லவா?"

டாக்டர் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து வந்தார். குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அத்தானுக்கு முன்னால் வைத்தார்.

"நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். "விரதம் என்று சொன்னதும் எங்கள் வீட்டு விரதத்தை நினைத்துக்கொண்டேன்." பிறகு சொன்னார். இந்த வியாதிக்கு ஆட்டுக்கறியைவிட மோசமானவை சில உண்டு, இந்தச் சின்ன மீன்கள் அவற்றில் முன்வரிசை. காய்ந்த மீனில் தண்ணீர் போய்விடுவதால் ஒரு பிடியில் அடங்குவதும் அதிகம். பட்டினி கிடந்தால் உடம்பு தன் கொழுப்பையே எரிக்க ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் சிறுநீரகம் யூரிக் ஆசிடை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். வெயிலில் தண்ணீரும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். பால், மோர், முட்டை இவை நல்லவை, அவற்றை நிறுத்திவிட்டீர்கள். பருப்பு அளவாகச் சாப்பிட்டால் ஊரார் பயமுறுத்துகிற மாதிரி ஒன்றும் ஆகாது. "நல்லதையெல்லாம் விலக்கிவிட்டு, கெட்டதை மட்டும் பக்தியோடு சாப்பிட்டிருக்கிறீர்கள்" என்று அவர் சொல்லும்போது குரலில் கேலி இல்லை.

வீக்கம் குறைய மாத்திரை எழுதினார். யூரிக் ஆசிடைக் குறைக்கும் மாத்திரை வேறு, அதை வீக்கம் வடிந்த பிறகுதான் தொடங்க வேண்டும், வாழ்நாள் பூரா எடுக்க வேண்டியிருக்கும், சாப்பாடு ஒரு பங்குதான் செய்யும் என்றார். "இப்போது உடனே தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல். மூன்று வேளையும் சாப்பாடு. இந்தத் தம்ளரில் ஆரம்பியுங்கள்."

அத்தான் தம்ளரைத் தொடவில்லை. "ஞாயிற்றுக்கிழமை குடிக்கிறேன் சாப்" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். அவருடைய நேர்த்தி ஈஸ்டர் வரைக்கும். இடையில் விட்டால் நேர்ந்ததெல்லாம் வீண் என்றார். கருவாட்டை நிறுத்தச் சம்மதித்தார். மாத்திரை போட்டுக்கொண்டார். ஆனால் பகலில் தண்ணீரும் இல்லை, சாப்பாடும் இல்லை. புதன்கிழமை கால் அப்படியே இருந்தது. மாத்திரை வயிற்றைக் கலக்கியதில் உடம்பிலிருந்த நீரும் போனது. உதடு வெடித்திருந்தது. நான் பாதிரியாரைக் கூட்டி வரட்டுமா என்றேன். "சாமியாரு விட்டுக் குடுத்துருவாரு, டீச்சரம்மா. நான் அவருக்கா நேர்ந்தேன்?" என்றார்.

பெரிய வியாழக்கிழமை காலையில் அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. நீங்க எப்பக் குடிக்கியளோ அப்ப நானும் குடிக்கேன்."

"உனக்கு சுகர் இருக்கு."

"ஆமா, இருக்கு."

"மாத்திரை போட்டியா?"

"தண்ணியில்லாம எப்பிடிப் போட?"

"ஏ ஜோசு, விளையாடாத."

"நானா விளையாடுதேன்? சாமிகிட்ட நீங்க வாக்குக் குடுத்திய, சரி. எங்கிட்டயும் குடுத்திருக்கிய. கோயில்லவச்சு, அதே சாமி முன்னாலதான் குடுத்திய. செவ்வாக்கெழம அந்த ஏணியில ஏறி நீங்க விழுந்திய, இந்த வீடு போச்சு. வீடு போனாக்கூடப் பரவால்ல. தோள்ல ஒருத்தன் கெடப்பாம்லா, அவன் என்ன பாவம் பண்ணுனான்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நகரவில்லை. பெண்கள் இரண்டு பேரும் சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். பத்து மணிக்கு அக்காவின் உடல் சரிய ஆரம்பித்தது. அதை மறைக்க முழங்காலைக் கட்டிக்கொண்டாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் சர்க்கரை டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, எப்போது தலையிடுவது என்று தெரியாமல் நின்றேன். அவள் கண்ணாலேயே என்னைத் தடுத்தாள்.

பதினொன்றுக்கு அவர் மெதுவாகத் திரும்பினார். அக்காவின் நெற்றியில் அரும்பியிருந்த வேர்வையைப் பார்த்தார். சொம்பை எடுத்தார். வாய்க்கு மேலே தூக்கி, இடைவிடாமல் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. மிச்சத்தை அவளிடம் நீட்டினார்.

"குடிட்டி. ரெண்டு பேரு பாவமும் ஒண்ணாப் போவட்டும்."

"பாவமில்லங்க. தண்ணி" என்றாள் அவள்.

அதன் பிறகு தண்ணீர், மோர், கஞ்சி, அவித்த முட்டை. பெரிய வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிட்டதற்கு மட்டும் அவர் முகம் சுளித்தார். சனிக்கிழமை கணுக்கால் எலும்பு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை செருப்புப் போட்டுக் கோயிலுக்குப் போனார். திங்கட்கிழமை பூட்ஸ் ஏறியது. வலி போய்விட்டது என்றார். வலி இல்லை, ஆனால் விரல் மடங்கவில்லை என்பதை எங்களிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. குவார்ட்டர்ஸின் மதில் பக்கம் நின்றால் பயிற்சிக் கோபுரம் தெரியும். அக்காவும் நானும் அங்கே நின்றோம். குழாயைத் தோளில் போட்டு ஓடுவதை அவர் முடித்துவிட்டார். கோபுரத்தின் மூன்றாவது மாடிக்கு ஏணியில் ஏறினார். நிதானமாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. இறக்க வேண்டிய ஆள் பொம்மை அல்ல. சக தீயணைப்பாளன் ஒருவன் மேலே காத்திருப்பான். அன்று காத்திருந்தது தாவ்டே.

அத்தான் அவனைத் தூக்கித் தோளில் போட்டார். முதுகு காட்டித் திரும்பினார். இடது கால் ஏணியின் முதல் படியில் இறங்கியது. பிறகு வலது கால். அந்தக் கால் படியைத் தேடியது. தொட்டது. அழுத்தவில்லை. எடுத்து, மறுபடி வைத்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. கீழே யாரும் அசையவில்லை. தாவ்டேயின் கைகள் அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் இடது காலை மேலே எடுத்தார். வலது காலையும் எடுத்தார். கோபுரத்துக்குள் திரும்பிப் போனார். குனிந்து தாவ்டேயைத் தரையில் நிற்க வைத்தார்.

"முத்து!" ஜாதவ் கீழிருந்து கத்தினார். "என்ன ஆயிற்று? இன்னொரு தடவை முயற்சி செய். நேரம் தருகிறேன்."

"வேண்டாம் சாப்."

"போர்டுக்கு எழுத வேண்டியிருக்கும், தெரியுமல்லவா?"

"எழுதுங்கள் சாப். மண்மூட்டை என்றால் இறக்கியிருப்பேன்."

தனியாக ஏணியில் இறங்கி வந்தார். ஏறியதைவிட அதற்கு நேரம் அதிகமானது. வீட்டுக்கு வந்ததும் அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவராகச் சொன்னார்.

"இறக்கி வச்சுட்டேன் ஜோசு."

"பாத்தேன்."

"வீடு போயிரும்."

"போனா வேற வீடு. பிள்ளை பரீச்சை முடியட்டும், பெறவு பெட்டி கட்டுவோம்."

ஜம்புநாதன் சார் வேலி ஓரம் வந்தார். வழக்கமான கேலி ஒன்றைத் தயாராக வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். அத்தானின் முகத்தைப் பார்த்ததும், "பருப்பு சாப்பிடும் ஓய்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போர்டு ஜூன் மாதம் கூடியது. அதற்குள் மாத்திரையால் யூரிக் ஆசிட் இறங்கியிருந்தது. விரல் மடங்கியது, முழுவதும் அல்ல. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "சோதனையில் பாதியில் நிறுத்தியது ஏன்?" என்று கேட்டாராம். கால் படியைப் பிடிக்கவில்லை, தோளில் ஆள் இருந்தான் என்று அத்தான் சொன்னார். வேறு எதுவும் கேட்காமல் அவரை ஒரு வண்டியில் உட்கார வைத்து, ஓட்டி, பிரேக் பிடித்துக் காட்டச் சொன்னார்கள். பல தடவை காட்டினார்.

முடிவு ஒரு வாரம் கழித்து வந்தது. வண்டி ஓட்டலாம், ஏணி கூடாது. வேலை நிலைத்தது, குவார்ட்டர்ஸ் நிலைத்தது. கோபுரத்தில் அதன் பிறகு அவர் ஏறவே இல்லை. பயிற்சி நாட்களில் மற்றவர்கள் ஏறும்போது வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பார். அது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஓய்வு பெறும்வரை.